ஒரு சொல்லும் விடாமல்

கோயமுத்தூரில், பீளமேட்டுப் பக்கம், ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்தாறு. சிரிக்காதீர்கள். மென்பொருள் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

குருவின் பெயர் பிரபாவதி. பதினோரு வருஷமாக நிரல் எழுதுகிறவள். சீடர் திருமூர்த்தி. ஒரு வக்கீல் ஆபீசில் இருபது வருஷம் டைப் அடித்தவர். நாற்பத்திரண்டாவது வயதில் கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்கார்ந்து, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் 'அங்கிள்' என்று கூப்பிட்டதையும் பொறுத்துக்கொண்டு, நிரல் எழுதக் கற்றுக்கொண்ட மனுஷர்.

ஏழு பேர் வேலை செய்யும் சின்ன ஆபீஸ் அது. தொழிலின் நெளிவு சுளிவு அத்தனையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பிரபாவதிதான். அவள் அவரை 'அண்ணா' என்பாள். அவர் அவளை 'மேடம்' என்பார். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவளும் மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறாள். ம்ஹூம். அவர் கேட்டால்தானே!

ஒரு நாள் கம்பெனி வலைதளத்தில் 'எங்கள் குழு' என்று ஒரு பகுதி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள், என்ன கருவிகள் பிடிக்கும், வேலைக்கு வெளியே என்ன செய்வீர்கள்.

முதலாவதை ஒரே மூச்சில் எழுதினார் திருமூர்த்தி. இரண்டாவதில் மனுஷர் குஷியாகிவிட்டார். தட்டினால் டக்கு டக்கு என்று சத்தம் போடும் தன் கீபோர்டு, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து காட்டும் எடிட்டர், காதை முழுசாக மூடும் ஹெட்போன் என்று அரைப் பக்கத்துக்கு நீட்டி முழக்கினார். மூன்றாவதில் மாட்டிக்கொண்டார்.

எழுந்து போய் டீ குடித்தார். வந்து உட்கார்ந்தார். வேலைக்கு வெளியே அவர் என்னதான் செய்கிறார்? பல் தேய்க்கும்போதுகூட, முந்தின நாள் ஓடாமல் நின்ற நிரலைத்தான் யோசிக்கிறார். அதை எழுதினால் நன்றாகவா இருக்கும்?

இந்தத் தொழிலில் யாரும் வெறும் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. ஏற்கெனவே ஒருவர் எழுதியதை எடுத்து, ஒரு நகல் போட்டு, வேண்டியதை மாற்றிக்கொள்வார்கள். திருமூர்த்தியும் பிரபாவதியின் பக்கத்தை நகல் எடுத்திருந்தார். பெயரை மாற்றினார். படத்தை மாற்றினார். முதல் இரண்டையும் மாற்றினார். மூன்றாவதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தை வெளியிட்டுவிட்டார்.

'அப்புறம்' என்று இவர்கள் விட்டுவைத்த வரி இருக்கிறதே, பொங்கல் போகும், தீபாவளி போகும், அது அப்படியே கிடக்கும்.

கிடந்தது. 'வேலை இல்லாத நேரத்தில் சைகை மொழி பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாது.' திருமூர்த்தியின் சிரித்த முகத்துக்குக் கீழே, இரண்டு மாதம்.

அப்புறம் ஒரு மின்னஞ்சல் வந்தது.

'ஐயா, என் பெயர் பூங்கோதை. கோபிச்செட்டிபாளையம். வயது முப்பத்தொன்று. ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாலு வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. தமிழ் நன்றாக எழுதவும் படிக்கவும் தெரியும்.

'வருகிற பதினாறாம் தேதி என் கல்யாணப் பேச்சை முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டால், ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறோம் என்பார்கள். போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதியையும் வைத்துப் பார்த்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து பேசினால் அது திணறிவிடுகிறது.

'உங்கள் வலைதளத்தில் இரண்டு பேருக்குச் சைகை மொழி தெரியும் என்று பார்த்தேன். உங்கள் தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. பெரியவர் என்றால்தான் எங்கள் வீட்டில் சபையில் உட்கார விடுவார்கள். இது என் கல்யாணம். அங்கே பேசுவதை ஒரு சொல்லும் விடாமல் எனக்குச் சொல்ல, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வேண்டும். வருவீர்களா?'

திருமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் காரியமாக அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் பக்கத்தைத் திறந்து அந்த வரியை அழித்தார். பிழை என்றால் திருத்தம், அவ்வளவுதானே? பிறகுதான் பிரபாவதியின் மேஜைக்குப் போனார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க."

அவள் கடிதத்தைப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள்.

"வரியை எடுத்துட்டீங்களாண்ணா?"

"எடுத்துட்டேனுங்க மேடம்."

"இந்தப் பொண்ணு அதைப் படிச்சதையும் எடுத்துட்டீங்களா?"

திருமூர்த்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்களே போயிட்டு வந்துருங்க மேடம். உங்களுக்குத்தான் அந்த மொழி தெரியுமே."

பிரபாவதி சிரித்துவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சது கேரம் போர்டு அளவுக்குத்தாங்ண்ணா. காது கேக்காத சிநேகிதிங்க மூணு பேரோட ஞாயித்துக்கிழமை ஆடுவேன். 'உன் முறை', 'ஃபவுல்', 'நீ கள்ளாட்டம் ஆடறே', இதெல்லாம் நல்லா வரும். கல்யாணப் பேச்சுக்கு அது பத்துமா? அதுவும் போக, அவ நரைச்ச தலையைத்தானே கேட்டிருக்கா."

"எனக்குக் கேரம் போர்டு அளவுக்குக்கூடத் தெரியாதுங்களே! மன்னிச்சுக்கோ அம்மிணின்னு எழுதிப் போட்டர்றேன். தெரியாத வேலைக்கு எப்படிங்க மேடம் போறது?"

சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. பிரபாவதி அவருடைய மேஜையிலிருந்து அந்த ஹெட்போனை எடுத்துவந்து அவர் காதில் மாட்டினாள். மழைச் சத்தத்தைப் பெரிதாக ஓடவிட்டாள். கழற்றக் கூடாது என்று கையாலேயே காட்டினாள். மற்றவர்களோடு சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

காதுக்குள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எதிரே ஆறு பேர் வாயசைத்தார்கள். ஒருத்தர் எதையோ சொன்னார். இன்னொருத்தர் தலையாட்டினார். எல்லாரும் ஒரு நிமிஷம் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். பிறகு தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள்.

"என்ன?" என்று கேட்டார். தன் குரல் எவ்வளவு பலமாக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பிரபாவதி ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். சாப்பிடுங்கள் என்று தட்டைக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே கையாட்டல். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வெறும் விளையாட்டு என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்கள். இன்றைக்கு அவர் அங்கே யாரோ ஒருவர்.

கை கழுவியதும் ஹெட்போனை வெடுக்கென்று கழற்றினார்.

"என்னைப் பத்தி என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா."

"சும்மா சொல்லாதீங்க மேடம். எல்லாரும் என்னையப் பாத்தீங்க."

"உங்க வீட்டுச் சாம்பார்ல முருங்கைக்காய் முத்தலா இருக்குன்னாங்க. அவ்வளவுதான்."

"அதைச் சொல்றதுக்கென்ன?" என்று கத்தியேவிட்டார் திருமூர்த்தி. மென்மையான மனுஷர், அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "முத்தலோ பிஞ்சோ, சொன்னாத்தானே எனக்குத் தெரியும்!"

பிரபாவதி கடிதத்தின் கடைசி வரிகளைத் திரையில் காட்டினாள். அவர் மெல்ல வாய்விட்டுப் படித்தார். ஒரு சொல்லும் விடாமல்.

"வக்கீல் ஆபீஸ்ல இருபது வருஷம் என்னங்ண்ணா பண்ணினீங்க?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே திருமூர்த்தி பதில் எழுதினார். தனக்குச் சைகை மொழி தெரியாது, அந்த வரி தான் காப்பியடித்து விட்டுப்போன வரி என்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டார். 'ஆனால் எனக்கு வேகமாக டைப் அடிக்கத் தெரியும். வக்கீல் சொல்லச் சொல்ல அடித்துப் பழகிய கை. உன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைப் பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டே வந்தால் போதுமா அம்மிணி?'

ஒரே வரியில் பதில் வந்தது. 'எது பேசினாலும் அடிப்பீர்களா?'

'அடிப்பேன்' என்று எழுதினார்.

பதினாறாம் தேதி காலை பஸ் பிடித்து கோபிக்குப் போனார். மடியில் லேப்டாப்பும், டக்கு டக்கு கீபோர்டும். பூங்கோதை வாசலுக்கே வந்து நின்றாள். அரக்கு நிறப் புடவை. களையான முகம். கும்பிட்டுவிட்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய அப்பாவுக்கு இதில் அவ்வளவாக இஷ்டமில்லை. "எதுக்குங்க தம்பி இதெல்லாம்? நாங்க சொல்லிக்க மாட்டோமா? ஒரே பிடிவாதமுங்க" என்றார். ஆனாலும் ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையும் இரண்டு நாற்காலியும் அவரே எடுத்துப் போட்டார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தான். கூட அவன் அம்மாவும் தாய்மாமனும். திருமூர்த்தி எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பெண்ணின் அப்பா எடுத்துச் சொன்னார். "பரவால்லீங்க, நல்லதுதான்" என்றார் மாமன். அதையும் அடித்தார் திருமூர்த்தி.

விரல் ஓடியது. யார் பேசுகிறார்கள் என்று பெயர் போட்டு, பக்கத்தில் அவர்கள் பேச்சு. வரும் வழியில் டயர் பஞ்சரானது. மாமனுக்குச் சளி. பவானியில் ஒரு பங்காளி வீட்டுச் சண்டை. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசியபோது கொஞ்சம் தடுமாறினார். பிறகு பிடித்துக்கொண்டார்.

'மாப்பிள்ளையின் அம்மா: காபி கொஞ்சம் இனிப்பு தூக்கலா இருக்கு.'

பூங்கோதை அதைப் படித்தாள். சட்டென்று எழுந்து உள்ளே போய், சர்க்கரை குறைத்து இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாள் அசந்துபோனாள். அப்பா மகளை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்து, 'அடுத்து?' என்பதுபோல் திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. திருமூர்த்திக்கு அந்தக் கீபோர்டைத் தூக்கி முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

நகை, மண்டபம், மாதம் எல்லாம் பேசி முடிந்தது. மாமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். பாருங்கள், காது கேட்காத பெண் இருக்கும் இடத்தில்கூட மனுஷனுக்குக் குரல் தாழ்கிறது.

"எங்களுக்கு ஒரே ஒரு யோசனைதானுங்க. நாளைக்குப் பொறக்கற கொழந்தையும் இதே மாதிரி ஆயிட்டா என்ன பண்றது? அதனால கொழந்தை வேண்டாம்னு எங்க பக்கம் முடிவு பண்ணியிருக்கறோம். பொண்ணுகிட்ட இப்பச் சொல்ல வேண்டாமுங்க. கல்யாணமெல்லாம் முடியட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்."

திருமூர்த்தியின் விரல் கீபோர்டுமேலேயே நின்றுவிட்டது. அப்பாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது.

"அவளுக்குக் காய்ச்சல்ல வந்ததுங்க. பிறவியில வந்ததில்லீங்க" என்றார்.

"தெரியுமுங்க. இருந்தாலும் எங்களுக்குப் பயம் போகலீங்களே."

அப்பா தரையைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

பிறகு எழுந்து ஜன்னலோரம் வந்து, திருமூர்த்தியின் கைமேல் கை வைத்தார்.

"தம்பி, இதை மட்டும் விட்டுருங்க. ஒம்போது வருஷமா அலையறேன். உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கும். புரிஞ்சுக்குங்க."

திருமூர்த்திக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? அவர் வீட்டிலும் கல்லூரி முடிக்கப் போகிற பெண் இருக்கிறாள். நாலு வரிதானே, விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? பேசிய மண்டபம் பேசியபடி இருக்கும். இந்த மனுஷர் இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். விரல் இன்னும் அசையவில்லை.

பூங்கோதை திரையைப் பார்க்கவில்லை. அவருடைய விரல்களைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம் அது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்பாவின் கையை மெல்ல எடுத்து மேஜைமேல் வைத்தார். அடித்தார். மாமன் சொன்னது முழுசும். 'பொண்ணுகிட்ட இப்பச் சொல்ல வேண்டாமுங்க.' அப்பா சொன்ன 'சரிங்க'. 'தம்பி, இதை மட்டும் விட்டுருங்க.' ஒரு சொல்லும் விடவில்லை. கண்ணில் நீர் கட்டி எழுத்து மங்கியது. இருபது வருஷக் கைக்குக் கண் வேண்டியதில்லை.

கீபோர்டு தட்டும் அதிர்வு மேஜையில் தெரிந்து அவள் திரும்பினாள். படித்தாள். மேலே தள்ளி இன்னொரு தடவை படித்தாள். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வரி அடித்து, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?'

அவன் வந்ததிலிருந்து வாயே திறக்காதவன். அம்மாவைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான்.

"மாமா சொல்றதுதான். எனக்குன்னு தனியா ஒண்ணுமில்லை" என்றான்.

திருமூர்த்தி அதையும் அடித்தார்.

பூங்கோதை எழுந்தாள். வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள். ஒரு சத்தமும் இல்லாமல் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போனார்கள். அடுப்படியில் பூங்கோதையின் அம்மா அழும் சத்தம் கேட்டது. அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. "பாத்துப் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். பூங்கோதை வழியனுப்பவும் வரவில்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

திங்கட்கிழமை காலை பிரபாவதி ஆபீசுக்கு வந்தபோது, அவள் மேஜைக்கு எதிரே திருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார். அங்கேயும் ஒன்றும் விடவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்டயிருந்து ஏதாச்சும் வந்துதாண்ணா?"

"ஒண்ணும் வரலீங்க. எப்படி வரும்? நடக்க இருந்த நல்ல காரியத்தைக் கெடுத்துட்டு வந்திருக்கேன். என்னைய ஏங்க மேடம் அனுப்பினீங்க?"

அவள் தன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"அந்த அப்பா கையை எடுத்து அந்தாண்ட வெச்சேனுங்க. என் மக கல்யாணத்துல யாராச்சும் என் கையை அப்படி எடுத்து வெச்சா நான் தாங்குவேனா?"

"தாங்க மாட்டீங்க" என்றாள் பிரபாவதி.

"நாலே நாலு வரி மேடம். அதை விட்டிருந்தேன்னா நேத்து அந்த வீடே கலகலன்னு இருந்திருக்கும். எல்லாரும் சந்தோஷமாச் சிரிச்சிருப்பாங்க."

"ஆமாங்ண்ணா" என்றாள் பிரபாவதி. "அவளும் சிரிச்சிருப்பா. எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு."